உறவுக் கழிவு

வாக்கு வாரத்தில் தூத்துக்குடியில் யாரும் யாருக்கும் தேநீர் வாங்கித் தருவதில்லை. பேருந்தில் இருந்து மூட்டையை இறக்கத் திணறுகிறவருக்குக் கை கொடுப்பதில்லை. பக்கத்தில் நிற்பவர் கணக்கில் காசு போதாமல் விழித்தால், பார்க்காதது போலக் கடல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். இதை யாரும் கல்நெஞ்சம் என்று எண்ணுவதில்லை. வாரம் முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று சொல்லிக்கொள்வார்கள். பழையபடி ஆவதில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தது.

எப்சிபா காலை ஜெபத்தை முடித்து, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு பார்வைக்கூடத்துக்குக் கிளம்பினாள். சிறு கணினி விளையாட்டுகளைச் செய்பவர்கள் தங்கள் ஆட்டங்களை மக்கள் முன் வைக்கும் கடைசி நாள் அது. வருகிறவர்கள் ஆடிப் பார்த்து வாக்களிப்பார்கள். மாலையில் பெரிய திரையில் உள்ள சிவப்புக் கோடு உறுதியாகும். கோட்டுக்கு மேலே இருக்கும் ஆட்டங்களுக்கு அடுத்த ஆண்டு முழுவதும் பொது நிதி கிடைக்கும். கீழே இருப்பவை தங்கள் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கூடத்தில் ஆட்டம் செய்தவர்கள் அத்தனை பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். அங்கே அதுதான் வழக்கம். ஊரில் எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு காப்பு உண்டு. ஒருவர் கையிலிருந்து இன்னொருவருக்கு எது போனாலும், ஒரு வாய்த் தண்ணீரானாலும், காப்பு அதைச் சங்கிலிப் பதிவில் ஏற்றிவிடும். முன்பு பிளாக்செயின் என்று சொன்னது இதைத்தான். ஏறியதை அழிக்க யாராலும் முடியாது. உங்களிடம் எதையாவது பெற்றவர் உங்களுக்கு வாக்களித்தால், அந்த வாக்கின் எடை சுருங்கும். ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டவர்கள் சேர்ந்து ஒரே ஆட்டத்துக்கு வாக்களித்தாலும் அப்படித்தான். அதற்குப் பெயர் உறவுக் கழிவு.

விதியைச் செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். முன்பு ஒரு பெரிய நிறுவனம் பிரியாணியும் கைபேசியும் கொடுத்து ஒரு பேட்டையையே தன் பக்கம் திருப்பியது. சிறியவர்கள் அழுதார்கள். அந்தக் கண்ணீரைத் துடைக்கத்தான் விதி வந்தது. அந்நியரின் வாக்கே நேர்மையான வாக்கு என்று அது முடிவு செய்துவிட்டது.

எப்சிபாவின் ஆட்டத்துக்கு ‘ஒரே படகு’ என்று பெயர். டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருக்கும் நோயாளிகள் வெவ்வேறு ஊர் மருத்துவமனைகளிலிருந்து சேர்ந்து ஒரு படகைச் செலுத்துவார்கள். ஊசி ஏறாத கையில் ஒரு விரல் போதும். ஒருவர் மட்டும் துடுப்புப் போட்டால் படகு வட்டமடிக்கும். எல்லோரும் சேர்ந்தால்தான் முன்னே போகும். ஒவ்வொரு துடுப்பு வீச்சும் சங்கிலியில் ஏறியது; அதுவே வினையானது. ஓயாமல் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் கூட்டம் என்று சங்கிலி அவர்களைக் கண்டுகொண்டது. அத்தனை பேரின் வாக்கும் சுருங்கி ஒரே ஆளின் வாக்களவுக்கு வந்து நின்றது.

நிதி கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் படகைத் தாங்கும் கணினியின் வாடகை நின்றுவிடும். படகும் நின்றுவிடும். அவளுக்கு அந்நியர்கள் தேவைப்பட்டார்கள்.

எதிர் மேசையில் இசக்கிராஜா நின்றான். பனங்காட்டில் ஒரு நரியை ஓட வைக்கும் ஆட்டம் அவனுடையது. நல்ல ஆட்டம். மதியம் திரையில் எப்சிபா கோட்டுக்கு மயிரிழை மேலே இருந்தாள். அவன் மயிரிழை கீழே.

“யக்கா, நீங்க லேசா எறங்குனா நான் ஏறிருவேன்.”

“எறக்கிவிட ஒனக்கு வேற ஆளே கெடைக்கலையா? சும்மா இரு தம்பி, காப்பு பேச்சையும் குறிச்சுக்கப் போவுது.”

“பேச்சுக்கு இன்னும் கழிவு போடலக்கா. அடுத்த வருசம் போட்டுருவானுவ.”

அப்போது உப்பு லாரி ஓட்டும் நயினார் வந்து படகின் முன் உட்கார்ந்தார். எப்சிபா அவரை முன்பு பார்த்ததில்லை. வெகுநேரம் ஆடினார்.

“எங்க வீட்டம்மா இருந்தப்ப இது இல்லாமப் போச்சே தாயி” என்றார். “மிஷின்ல மாட்டிவிட்டா செவத்தையே பாத்துட்டுக் கெடப்பா.”

“ஒங்களுக்குப் பக்கத்துத் துடுப்பு விருதுநகர்ல ஒரு டீச்சர், அண்ணாச்சி.”

“நல்லா இழுக்காவ.”

காப்பை மேசையில் வைத்து வாக்களித்தார். அதற்குள் கோட்டுக்குக் கீழே சரிந்திருந்த எப்சிபாவின் பெயர் திரையில் மறுபடி சற்று மேலே ஏறியது. நயினார் எழுந்தார், எழுந்த வேகத்தில் கால்கள் மடங்கின. மேசையைப் பிடித்துக்கொண்டார். நெற்றி முழுக்க வியர்வை.

“சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?”

“சுகர் மாத்திர போட்டேன். சோறு வண்டியில கெடக்கு.” அவள் அசைவதைக் கண்டு தலையை ஆட்டினார். “வேண்டாம் தாயி, தொடாத. என் ஓட்டு கெட்டுப்போவும். கோடு உறுதியாவட்டும்.”

சுற்றிலும் நின்றவர்கள் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் யாரோ ஒருவருக்காகத் தம் வாக்கைக் காத்துக்கொண்டு நின்றார்கள். மருத்துவ உதவியாளரைக் கூப்பிட ஒருவர் வெளியே ஓடினார். எப்சிபாவின் மனதில் அந்த விருதுநகர் டீச்சர் வந்தார், படகில் இருந்த மற்றவர்கள் வந்தார்கள். இவர் ஒருவருக்காக அவர்கள் அத்தனை பேரையும் கரையில் இறக்கிவிடுவதா? அப்போதுதான் தன் கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால் இருப்பதை உணர்ந்தாள். கடவுள் எதற்குக் கொடுத்த கைகள்? வெட்கமாக இருந்தது.

அவரைத் தாங்கித் தரையில் உட்கார வைத்தாள். பையிலிருந்த கருப்பட்டி மிட்டாயை வாயில் கொடுத்தாள். காப்பு அதிர்ந்தது. திரையில் அவள் பெயர் கோட்டுக்குக் கீழே வழுக்கியது; இசக்கிராஜாவின் பெயர் மேலே ஏறியது.

“கெடுத்துட்டியே தாயி” என்றார் நயினார்.

“ஓட்டு போனாப் போவுது. மென்னு முழுங்குங்க.”

இசக்கிராஜா திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தன் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து நயினாருக்கு ஒரு டம்ளர் கொடுத்தான். அதோடு நிற்கவில்லை. தனக்கு வாக்களித்துவிட்டு வேடிக்கை பார்த்து நின்றவர்களிடமும் டம்ளரை நீட்டினான்.

“தம்பி, என்ன பண்ணுத? அவங்க ஓட்டெல்லாம் கொறஞ்சிரும்.”

“இவரு விழுந்துதான் நான் ஏறுனேன்னு எங்கம்மாட்ட எப்படிக்கா சொல்லுவேன்?”

சிலர் பின்வாங்கினார்கள். ஒரு பெண் மட்டும் வாங்கி மடமடவென்று குடித்தாள். “தாகமாத்தான் இருந்துச்சு” என்றாள். “வருசா வருசம் இங்க வந்து தாகத்தோடதான் போறேன்.” பின்வாங்கியவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

மாலையில் கோடு உறுதியானபோது இருவர் பெயர்களும் அதற்குக் கீழே இருந்தன. அவர்கள் இழந்த இடம், செய்தவர் நேரில் வராமல் திரையை மட்டும் வைத்திருந்த ஓர் ஆட்டத்துக்குப் போனது. அதைச் செய்தவரை ஊரில் யாருக்கும் தெரியாது. அவர் யாருக்கும் எதுவும் கொடுத்ததில்லை. அவருக்கு விழுந்த வாக்குகள் சற்றும் சுருங்காமல் முழு எடையோடு இருந்தன.

மாதக் கடைசியில் வாடகைக் கணினி நின்றது. படகு நிற்கவில்லை. இசக்கிராஜா தன் வீட்டுக் கணினியில் பாதியை அதற்கு ஒதுக்கியிருந்தான். அவன் நரி இப்போது கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடியது. அன்று காலை இருவர் காப்பிலும் ஒரே அறிவிப்பு வந்தது: ‘நீங்கள் ஒருவருக்கொருவர் இனி அளிக்கும் வாக்கின் எடை பூஜ்யம்.’

எப்சிபா அதை அவனுக்கு வாசித்துக் காட்டினாள்.

“அப்ப இனிமே நாம சொந்தக்காரங்கக்கா” என்றான் அவன்.

திரையில் படகு துறையை விட்டுக் கிளம்பியது. புதிதாக ஒரு துடுப்பு சேர்ந்திருந்தது. உப்பளத்தில் லாரிக்குச் சுமை ஏறும்வரை நயினார் வண்டிக்குள் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். அவர் தாளம் தப்பித் துடுப்புப் போட, படகு ஒரு பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. விருதுநகர் டீச்சர் தன் துடுப்பை நிறுத்தினார். மற்றவர்களும் நிறுத்திவிட்டு நயினாருக்காகக் காத்திருந்தார்கள்.