கிழியாத முல்லைக்கொடி

“உங்க அத்தா செய்யிற டையில வெட்டின கல்யாணப் பத்திரிகை உங்க வீட்ல நிறைய இருக்கும் இல்ல?” என்று ஒருநாள் பள்ளி மைதானத்தில் மதி கேட்டாள்.

“ஒண்ணு கூட இல்ல,” என்றாள் சதஃப்.

“பொய்!”

“நிஜமாதான்டி. அத்தா டை செஞ்சி உங்க அச்சகத்துல குடுத்துடுவாரு. நீங்க வெட்டுவீங்க. பத்திரிகை கல்யாண வீட்டுக்குப் போயிடும். அத்தா பழைய நியூஸ் பேப்பரை வச்சி தட்டிப் பாக்குறதோட சரி. நல்ல அட்டையில எப்படி வந்திருக்குன்னு பாத்ததே கிடையாது.”

“அதுக்கென்ன, எங்கப்பாகிட்ட கேட்டா ஒண்ணு குடுத்துடப் போறாரு.”

சதஃப் பதறிப்போனாள். “ஐயோ, வேணாம்! பத்திரிகைய நாமளா கேட்டு வாங்கக் கூடாதாம். ‘எங்களையும் கல்யாணத்துக்குக் கூப்பிடுங்க’ன்னு கேட்கிற மாதிரி ஆயிடுமாம். அத்தாவுக்கு ரொம்ப ஆசைதான். அம்மாகிட்ட சொல்லிட்டு இருந்தாரு, நான் கேட்டுட்டேன். நீ உங்கப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது. சத்தியம் பண்ணு.”

தலையில் கை வைத்துதான் சத்தியம் செய்ய வேண்டும். தன் தலையிலா, சதஃப் தலையிலா என்று மதிக்குக் குழப்பம். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கையைத் தன் தலையிலும் ஒரு கையை சதஃப் தலையிலும் வைத்துச் சத்தியம் செய்தாள்.

அறிவுமதி என்பதுதான் மதியின் முழுப்பெயர். அவளுடைய அப்பா தசரதன் திருவண்ணாமலை தேரடித் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் சின்ன அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகைதான் அங்கே முக்கியமான வேலை.

பத்திரிகையின் ஓரத்தில் பூவும் இலையுமாக ஓட்டை ஓட்டையாய் வெட்டியிருக்கும் அல்லவா? அப்படி வெட்டுவதற்கு ஒரு பலகை வேண்டும். மெல்லிய கத்திப் பட்டையை இடுக்கியால் பூப்போல வளைத்து, அந்தப் பலகையில் இறக்கியிருப்பார்கள். அதற்குப் பெயர்தான் டை. ஊரில் அதைச் செய்பவர் சதஃப்பின் அத்தா நூருல்லா.

இந்த முறை நூருல்லா செய்தது சாதாரண டை இல்லை. மதியின் அத்தை உண்ணாமலைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கீழ்பென்னாத்தூர்.

“எனக்குப் பத்திரிகையில நம்ம மலை வேணும். மலை மேல தீபம் வேணும். சுத்தி முல்லைக்கொடி வேணும்,” என்று அத்தை அடம்பிடித்திருந்தாள்.

“கல்யாணப் பொண்ணா, சின்னக் குழந்தையா நீ?” என்றார் அப்பா. ஆனாலும் நூருல்லாவிடம் போய்ச் சொன்னார்.

டை வந்தபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஒவ்வொரு முல்லை மொட்டும் ஓர் அரிசி அளவுதான் இருந்தது. திங்கட்கிழமை அப்பா டைக்குப் பூஜை போட்டுக் கற்பூரம் காட்டினார். புதன்கிழமை அதை மெஷினில் மாட்டினார்கள்.

அன்று மாலை பள்ளி விட்டு மதியும் சதஃப்பும் அச்சகத்துக்கு வந்தபோது உள்ளே ஒரே சத்தம்.

“இதுவும் போச்சு!” என்று மெஷின் ஓட்டும் அர்ஜுனன் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். மலைக்கு நடுவே அட்டை பிய்ந்திருந்தது. சில மொட்டுகள் வெட்டுப்படாமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன.

“அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுப்பா,” என்றார் அப்பா.

“கூட்டியாச்சுண்ணா. இன்னும் ஜாஸ்தி பண்ணா மெஷின் என்னைத் திட்டும்.”

“கம்மி பண்ணிப் பாத்தியா?”

“பாத்துட்டேன். அப்பவும் இதே கதிதான். மொட்டு வெட்ட மாட்டேங்குது. இழுத்தா கிழியுது.”

அப்பா நெற்றியைச் சுருக்கினார். “வெள்ளிக்கிழமை காலையில முதல் பத்திரிகைய கோயில்ல சாமி பாதத்துல வைக்கணும். நாளைக்கு பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துல ஒரு வண்டி உள்ள வராது, வேற டை கொண்டு வரவும் முடியாது. இவரை நம்பி நான் ஏமாந்துட்டேன். டையைக் கழட்டுப்பா. நூருல்லா பாயை வரச் சொல்லு, கையோட எடுத்துட்டுப் போகட்டும். இனிமே எல்லா டையும் வேலூர்லயே செஞ்சிக்கலாம்.”

வாசலில் நின்ற சதஃப்பின் முகம் வாடிவிட்டது. எல்லா டையும் என்றால், அவள் அத்தாவுக்கு இனி இந்த அச்சகத்தில் வேலையே இல்லை.

“நான் வீட்டுக்குப் போறேன்,” என்றாள் மெதுவாக.

“இரு,” என்று மதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் கையை விட மனம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் நூருல்லா சைக்கிளில் வந்து இறங்கினார். கிழிந்த அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்க வீட்ல தட்டிப் பாத்தேனுங்களே. சுத்தமா வந்துச்சு,” என்றார் கடைசியில்.

“அப்படின்னா என் மெஷின்தான் சரியில்லன்றீங்களா?” என்றார் அப்பா.

“நான் அப்படிச் சொல்லலீங்க.”

“பின்ன எப்படிச் சொல்றீங்க?”

பெரியவர்கள் இப்படிப் பேச ஆரம்பித்தால் சீக்கிரம் முடிக்க மாட்டார்கள் என்று மதிக்குத் தெரியும். அவள் மூலையில் கிடந்த கிழிந்த அட்டைகளைப் பொறுக்கினாள். கிழிந்ததெல்லாம் படம் வரைய அவளுக்குத்தான்.

அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சமமாக்கினாள். அப்போதுதான் அதைக் கவனித்தாள்.

“சதஃப், இங்க பாரேன். எல்லா அட்டையும் ஒரே இடத்துலதான் கிழிஞ்சிருக்கு.”

“டை கெட்டுப் போயிருந்தா அப்படித்தான் இருக்கும்,” என்றாள் சதஃப் தேம்பலை அடக்கிக்கொண்டு.

“இல்லடி. இங்க ஒரு கோடு. அதுக்குக் கீழ ஒரு கோடு. அதுக்கும் கீழ இன்னொண்ணு. நடுவுல வட்டமா ஒண்ணு. கத்தி இப்படியா வளைஞ்சி வளைஞ்சி கெட்டுப் போகும்?”

மதி ஓர் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இந்த மூன்று கோட்டையும் வட்டத்தையும் அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். தினமும் பார்த்திருக்கிறாள். எங்கே?

அட்டையைத் தாண்டி அவள் பார்வை போனது. அங்கே அப்பா கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் நெற்றியில் மூன்று பட்டை விபூதி. நடுவே வட்டமாகக் குங்குமம்.

மதி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அர்ஜுனன் கழற்றி வைத்திருந்த டையின் அருகே அவள் போனாள். கத்திகளுக்கு நடுவே துண்டு துண்டாக மஞ்சள் ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது. அது எதற்கு என்று அர்ஜுனன் முன்பே அவளுக்குச் சொல்லியிருக்கிறார். மெஷின் அழுத்தும்போது ஸ்பாஞ்ச் அமுங்கிக்கொடுக்கும். கத்தி அட்டையை வெட்டும். மெஷின் விலகியதும் ஸ்பாஞ்ச் உப்பி, அட்டையை வெளியே தள்ளிவிடும்.

பென்சிலின் பின்பக்கத்தால் ஓரத்து ஸ்பாஞ்சை அழுத்திப் பார்த்தாள். இட்லி போல மெத்தென்று அமுங்கியது. நடுவில் இருந்ததை அழுத்தினாள். டக்! கல் மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை அப்பா சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து டையின்மேல் மூன்று பட்டை போட்டு, நடுவே பொட்டும் வைத்திருக்கிறார். மேலே இருந்ததை அர்ஜுனன் துணியால் துடைத்துவிட்டார். ஆனால் ஸ்பாஞ்சுக்குள் இறங்கியது அப்படியே காய்ந்துவிட்டது. ஸ்பாஞ்சும் மஞ்சள், சந்தனமும் மஞ்சள். யார் கண்ணுக்குத் தெரியும்?

“கண்டுபிடிச்சிட்டேன்!” என்று கத்த வேண்டும் போலிருந்தது மதிக்கு. வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால், எல்லோர் எதிரிலும் சொன்னால் அப்பாவின் முகம் என்ன ஆகும்? அத்தையின் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்றுதானே அவர் அத்தனை ஆசையாகப் பூஜை போட்டார்?

மதி போய் அப்பாவின் சட்டை நுனியை இழுத்தாள். “அப்பா, ஒரு நிமிஷம் உள்ள வாங்களேன்.”

“பேசிட்டு இருக்கேன்ல?”

“ஒரே நிமிஷம்பா. பேச்சு எங்கயும் போயிடாது.”

அப்பா முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தார். அங்கே சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டியிருந்தது. மதி ஸ்டூலில் ஏறி, கிழிந்த அட்டையை அப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

“கண்ணாடியில பாருங்கப்பா. உங்க நெத்தியப் பாருங்க. அப்புறம் இதைப் பாருங்க.”

அப்பா பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி நெற்றியைப் பார்த்தார்.

“சந்தனம் காஞ்சி ஸ்பாஞ்ச் கல்லாயிடுச்சுப்பா. அமுங்கவே மாட்டேங்குது,” என்று மதி அவர் காதோரம் சொன்னாள்.

அப்பாவின் கை தானாக நெற்றிக்குப் போனது.

“யார்கிட்டயும் சொன்னியா?”

“இல்லப்பா.”

அவர் மதியின் கன்னத்தைத் தட்டிவிட்டு வெளியே வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பாய், உங்க டையில ஒரு குறையும் இல்ல. நான்தான் அதுக்கு சந்தனத்தால பட்டை அடிச்சி கல்லாக்கி வச்சிருக்கேன். அவசரப்பட்டு என்னென்னவோ பேசிட்டேன். மனசுல வச்சிக்காதீங்க.”

நூருல்லா டையைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. “இதுல என்னங்க இருக்கு? நல்லதுக்குத்தானே செஞ்சீங்க. பொட்டு வைக்கிறதுன்னா பலகை ஓரத்துல வைங்கன்னு நான் சொல்லியிருக்கணும்.”

“அதான பாத்தேன்! மெஷின் பயபக்தியோட ஓடுதேன்னு நினைச்சேன்,” என்றார் அர்ஜுனன். அப்பாவே சிரித்துவிட்டார்.

ஆனால் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. நூருல்லா தலையைச் சொறிந்தார். “இதையெல்லாம் பிச்சிட்டு புது ஸ்பாஞ்ச் ஒட்டணும். என்கிட்ட இருந்தது தீந்துபோச்சு. மெட்ராஸ்லதான் கிடைக்கும்.”

“பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச்?” என்றார் அர்ஜுனன்.

“அது தடிமன் ஜாஸ்திப்பா. கத்தியே மூடிடும். மெல்லிசா, சீரா இருக்கணும்.”

மெல்லிசா, சீரா. மதி தன் பையைத் திறந்தாள். உள்ளே அவளுடைய பென்சில் டப்பா இருந்தது. காந்தத்தால் டக்கென்று மூடிக்கொள்ளும் டப்பா. மூடியில் மயில் படம். அழுத்தினால் மெத்தென்று இருக்கும்.

“மதி, அது நான் உன் பிறந்தநாளுக்குக் குடுத்தது!” என்றாள் சதஃப்.

“டப்பா அப்படியே இருக்கும்டி. மெத்தை மட்டும்தான் போகும். உனக்குக் கோபமா?”

சதஃப் இல்லையென்று வேகமாகத் தலையை ஆட்டினாள். அவளே கத்தரிக்கோலை எடுத்து வந்து கொடுத்தாள்.

நூருல்லா மூடியின் உறையைப் பக்குவமாகப் பிரித்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று மெல்லிய ஸ்பாஞ்ச். கல்லாகிப்போனதை எல்லாம் சுரண்டி எடுத்தார். புதியதை அளந்து வெட்டி, மொட்டுக்கு மொட்டு பசை தடவி ஒட்டினார். பசை காயும் வரை எல்லோரும் டீ குடித்தார்கள். அர்ஜுனன் மட்டும் டீயைக் குடிக்காமல் டையை ஊதிக்கொண்டிருந்தார்.

பிறகு டையை மாட்டினார்கள். அத்தையின் பெயர் அச்சிட்ட அட்டை ஒன்றை அர்ஜுனன் வைத்தார். சக்கரம் சுற்றியது. மெஷின் வாயை மூடித் திறந்தது.

அட்டை தானாக வெளியே எழும்பி வந்தது. அர்ஜுனன் அதை எடுத்து ஓர் உதறு உதறினார். வெட்டுப்பட்ட துணுக்குகள் பொரி போலப் பொலபொலவென்று கொட்டின. ஒரு கிழிசல் இல்லை, ஒரு பிசிறு இல்லை.

“அடேங்கப்பா!” என்றார் அப்பா.

அர்ஜுனன் அட்டையை மதியிடம் நீட்டினார். “கண்டுபிடிச்ச ஆளு நீதானே? நீயே முதல்ல பாரு.” ‘கண்டுபிடிச்ச ஆளு’ என்று அப்பாதான் டீ குடிக்கும்போது எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

மதி அட்டையை வாங்கினாள். சதஃப்பைப் பார்த்தாள். சதஃப் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையில் கை வைத்துக் காட்டினாள். சத்தியம்! நினைவிருக்கிறது. மதி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. ஆனால் அட்டையைக் கொடுக்கக் கூடாது என்று சத்தியம் செய்யவில்லையே?

“மாமா, நீங்க பாத்து சொல்லுங்க,” என்று அதை நூருல்லாவின் கையில் வைத்தாள்.

நூருல்லா விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அட்டையைப் பிடித்தார். ஜன்னல் வழியாக வந்த மாலை வெயிலில் அதைத் தூக்கினார். எதிர்ச் சுவரில் நிழல் விழுந்தது. மலை, மலை மேல் வெளிச்சமாய்த் தீபம், சுற்றிலும் வெளிச்ச மொட்டுகள். அட்டையை லேசாக அசைத்தார். சுவரில் முல்லைக்கொடி காற்றில் ஆடியது.

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, அட்டையை மேசைமேல் பதமாக வைத்தார். “வரேங்க. சதஃப், வாம்மா.”

வாசலில் ஒரு செருப்பை மாட்டினார். இன்னொன்றை மாட்டவில்லை. மாட்டிய செருப்பையும் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார்.

“என்ன பாய், ஏதாவது மறந்துட்டீங்களா?” என்றார் அப்பா.

மதி சதஃப்பின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லீங்க,” என்றார் நூருல்லா. மேசைமேல் இருந்த மலையைப் பார்த்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். “ரொம்ப நாளா கேட்கணும்னு இருந்தேன். உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு, எனக்கு ஒரு பத்திரிகை வேணும்.”