கதவுக்குக் கொடுக்காத சாவி

சத்தியமாகச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் இன்று நான் சாப்பிட்ட சோறு செரிக்காமல் போகட்டும்.

பூட்டுக்காரர் என்று ஊரே கூப்பிட்டாலும் அவர் இரும்புப் பூட்டைத் தொட்டவரில்லை. கடையோ கிடங்கோ, சொந்தக் கணினியில் இணையச் செயலி வைத்து ஓட்டுகிறவர்களுக்கு, கண்டவனும் நுழையாதபடி பாதுகாப்புப் போட்டுக் கொடுப்பவர். பட்டப்பகலில்தான் அந்தப் பழக் கிடங்குக்குப் போனார். முதலாளியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"எந்த வேலையத்தவனோ எங்கிருந்தோ செயலிக்குள்ள பூந்து, தினம் சாயங்காலம் குளிர் அறைக் கதவைத் திறந்து விட்டுடறான் தம்பி. ஆப்பிள் பூரா அழுகிப்போச்சு."

"ஐயா இருந்திருந்தா பிடிச்சிருப்பாரோ?"

"எங்க வீட்டுக்காரரா? என்னைக் கேட்காம தும்மக்கூட மாட்டார். அந்த அறையிலேயே செத்துப்போனார். அது ஒண்ணுதான் என்னைக் கேட்காம செஞ்சது."

குளிர் அறையின் கோடியில் ஒரு தகரப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதுதான் கணினி. திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது, ஒரு நீல விளக்கு மட்டும். குளிர், கதவு இரண்டும் அதன் சொற்படி. பூட்டுக்காரர் ஒரு பழக்கூடையைக் கவிழ்த்து, மடிக்கணினியை அதன்மேல் வைத்து, கம்பியில்லாமல் பெட்டியோடு பேச ஆரம்பித்தார். முதுகுக்குப் பின்னால் கதவு வழுக்கி வந்து, ரப்பர் விளிம்பு உறிஞ்சும் சத்தத்தோடு மூடிக்கொண்டது.

அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் எல்லா வழியையும் அடைப்பார்; அப்புறம்தான் ஆளாளுக்குச் சாவி. இனி பேச்செல்லாம் மறையாக்கத்தில்தான், வேறு யாருக்கும் புரியாத ரகசியக் குறியீட்டில். அவருடைய முத்திரை விழுந்த சான்றிதழ்தான் சாவி; அது இல்லாத எவரோடும் பெட்டி பேசாது. அந்த முத்திரையையும் பெட்டிக்குள்ளேயே வைத்து, தன் கடவுச்சொல்லால் பூட்டினார். பிறகு வழிகளை அடைத்தார்.

மடிக்கணினி பெட்டியிடமிருந்து அறுந்துபோனது. தனக்கே சாவி போட்டுக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சரி, வெளியே போய் யோசிக்கலாம் என்று கதவின் பொத்தானை அழுத்தினார்.

கதவு அசையவில்லை.

கதவும் பெட்டியோடு அதே வழியில்தான் பேசி வந்தது. அதற்கும் குளிர் இயந்திரத்துக்கும் அவர் சாவி கொடுக்கவில்லை. போதும் என்று சொல்ல ஆளில்லாமல் குளிர் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டியைப் பிடுங்கிவிடலாமே என்பீர்கள். பிடுங்கினால் கதவைத் திறக்கச் சொல்ல யார் இருப்பார்கள்?

கதவை இரு கையாலும் தட்டிக் கத்தினார்.

"ஏன் தம்பி கத்தறீங்க? வேலை முடிஞ்சுதா?" முதலாளியம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"முடிஞ்சுதும்மா. தேவைக்கு மேலயே முடிஞ்சுது. கதவைத் திறங்க!"

"பொத்தான் கேட்க மாட்டேங்குதே. இருங்க, கடப்பாரைக்காரனைக் கூட்டிட்டு வரேன். அவன் சாப்பிடப் போயிருக்கான்."

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

மூச்சு வெண்புகையானது. விரல்கள் மரத்தன. இமையில் ஏதோ முள்ளாகக் குத்தியது, பனி. கடப்பாரை வரும்வரை உயிர் தாங்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது தைல வாசனை அடித்தது. குளிருக்கு மூக்கில் பூசுகிற தைலம்.

நீல விளக்கு துடித்தது. யாராவது பெட்டியோடு பேசினால்தான் அது துடிக்கும்.

யாராலும் பேச முடியாது.

விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது.

"என்னையும் சேர்த்துப் பூட்டிட்டியே தம்பி."

குரல் காதுக்குப் பின்னால். திரும்பினார். ஆப்பிள்கள்.

"யா... யாரு?"

"சத்தம் போடாதே. அவ திரும்பி வந்துடப் போறா. சாயங்காலம் காலாறப் போய்ட்டு வருவேன், அது பொறுக்கலையா உனக்கு?"

பூட்டுக்காரருக்குப் பல் தந்தியடித்தது.

"முத்திரை என் பக்கத்துலதான் கிடக்கு. சொல் உன்கிட்ட. சொல்லு. கதவுக்கு ஒரு சாவி, எனக்கு ஒரு சாவி."

மனைவி கேட்டுக்கூட அவர் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. ஒரே சொல்லை இரண்டு இடத்தில் வைக்காதீர்கள் என்று வீடுவீடாக உபதேசம் செய்தவர், ஊர் முழுக்கப் போட்ட பூட்டுகள் அத்தனைக்கும் அந்த ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தார். தன் வீட்டு வாசல் கதவுக்கும் அதுதான். இங்கே சொன்னால் எல்லா வீடும் திறந்த வீடு.

அப்படியே தரையில் உட்கார்ந்தார். தரை சுடுவதுபோல் குளிர்ந்தது.

"சீக்கிரம்," என்றது குரல், பரிவோடு.

சொன்னார். உதடு ஒட்டிக்கொண்டதால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கதவு வழுக்கித் திறந்தது. வெயில் விழுந்த முற்றத்தில் கடப்பாரைக்காரன் வாயைத் துடைத்தபடி நின்றான். முதலாளியம்மா மூக்கை உறிஞ்சினார்.

"இது எங்க வீட்டுக்காரர் பூசற தைலமாச்சே, யார் பூசினது?"

பூட்டுக்காரர் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

அன்று சாயங்காலம் அவர் பூட்டிய மருந்துக்கடைச் செயலியில், உள்ளே நுழைந்தவர் கணக்கில் ஓர் ஆள் கூடுதல். தையற்கடையிலும் அப்படியே. இருட்டும் நேரத்தில் அவர் வீட்டு வாசல் கதவு தானாகத் திறந்தது. யாரோ செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் செருப்பு இல்லை. கதவு மட்டும் மெல்லச் சாத்திக்கொண்டது. இன்றும் அப்படித்தான்.

அந்தக் கிடங்குக்கு வரும் மின்கம்பி, அவர் அங்கே போனதற்கு முந்தின மழையிலேயே அறுந்து விழுந்தது. இன்றுவரை அதை யாரும் இழுத்துக் கட்டவில்லை.