ஜெயதீபன் சேர் எழுதுகிறார்

'கொழும்புல இருக்கேன். பயப்படாதீங்க.'

திரையில் வந்து விழுந்த வரியைப் பிரேமினி திரும்பவும் வாசித்தாள். பொகவந்தலாவைக் கடைத்தெருவில், பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது அவளுடைய இன்டர்நெட் கடை. கீழேயிருந்து பாண் வேகும் வாசனையும் நனைந்த சாக்குகளின் புழுங்கிய நாற்றமும் பலகைத் தரையின் இடுக்குகள் வழியாக ஏறி வந்துகொண்டிருந்தன. தகரக் கூரையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலை இருந்த இடத்தில் வெறும் பனிமூட்டம் மட்டும் நின்றது. ஜெயதீபன் சேரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. காணாமல் போனவர் உயிரோடு இருக்கிறார். அவளுக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும்.

ஆனால் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவர். 'இருக்கேன்' என்ற சொல் அவர் வாயில் ஒருநாளும் வந்ததில்லை.

சம்பளப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குள் பொலிஸார் புகுந்து இளைஞர்களைச் சந்தேகத்தின் பேரில் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வீட்டாருக்கு யாரும் சொல்லவில்லை. சேர்தான் இந்தக் கடையில் உட்கார்ந்து அவர்களுடைய படங்களைப் 'பனிமேடை' என்ற இணையத்தளத்தில் போட்டார். கொழும்பில் கடைகளில் வேலை செய்த சொந்தக்காரர்கள் அதைப் பார்த்தார்கள், வழக்கறிஞர்கள் வந்தார்கள். ஒரு காலையில் படங்களைக் காணவில்லை. 'அரசாங்கத்தின் வேண்டுகோளுக்கிணங்க நீக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது. அதே கிழமை சேரையும் காணவில்லை.

அவள் தளத்தின் அரட்டைப் பெட்டியில் எழுதினாள்: 'சேர், நீங்க "நிக்கிறன்"னுதான சொல்லுவீங்க? இது யாரு?'

அந்தப் பக்கம் யாரோ எழுதுவதைக் காட்டும் சின்னப் பென்சில் அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்து, வெகுநேரம் அசைந்து, நின்றது. ஒரு சொல்லும் வரவில்லை. பச்சை விளக்கு அணைந்தது.

மறுநாள் கடையைத் திறந்தபோது பதில் காத்திருந்தது.

'பிள்ளை, கொழும்பிலதான் நிக்கிறன். பயப்பிடாதையும்.'

பிள்ளை. சேர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த கணம் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். அவரும் அவளும் எழுதிக்கொண்ட பழைய உரையாடல்களை எல்லாம் யாரோ உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள். 'நிக்கிறன்' என்று எழுதி, எதைத் தேடி வாசிக்க வேண்டுமென்று காட்டிக் கொடுத்தவள் அவள்தான்.

பனிமேடையை நடத்திய தம்பிராசாவுக்குக் கொழும்புக்குப் போன் எடுத்தாள்.

"தளத்தை மூடிப்போடுவம் எண்டு வெருட்டினவை, பிள்ளை," என்றார் அவர். "படங்களைத்தான் எடுக்கச் சொல்லுவினம் எண்டு நினைச்சன். பிறகு ஆக்களின்ர கடவுச்சொல்லையும் கேட்டவை."

"குடுத்துட்டீங்களா?"

"எனக்கும் பிள்ளையள் இருக்கினம்."

போன் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவள் எடுத்தபோதெல்லாம் அது அடிக்கவே இல்லை.

தளத்தில் எல்லாரும் பார்க்க, சேரின் பெயரில் ஒவ்வொரு நாளும் எழுத்து வந்தது. பிடிபட்ட பொடியன்களைத் தான் நேரில் கண்டதாகவும், ஒருத்தருக்கும் அடி விழவில்லையென்றும், படம் போட்டது தன்னுடைய பிழையென்றும் அவர் எழுதினார். சேரே சொல்கிறாரே என்று வழக்கறிஞர்கள் வரவை நிறுத்தினார்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் தலையைக் குனிந்தபடி மறுபடி வேலைக்கு நின்றார்கள்.

ஒரு பின்னேரம் சோலைமலை நனைந்த கோட்டோடு மாடிக்கு ஏறி வந்தான். அவனுடைய தம்பி தனுஷனையும் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"சேரு எழுதியிருக்காராம். தம்பிய நோர்வூட் டவுனுக்குக் கூட்டிட்டு வாராராம், வந்து கூட்டிக்கிட்டுப் போகச் சொல்றாரு."

"அது சேர் இல்லண்ணே. போகாதீங்க."

"அவரு பேச்சு மாதிரியேதான இருக்கு?"

"அதான்ணே பயமா இருக்கு."

அவன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும்," என்றான். "போகாம இருந்துட்டு, அங்க அவன் வந்து நின்னுருந்தா? அம்மா மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

படியிறங்கினான். பஸ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை காற்றும் மழையுமாக இருந்தது. காலையிலேயே கரண்ட் போனது. பொழுது சாயும் நேரத்தில்தான் விளக்கு வந்தது. கணினிகள் ஒவ்வொன்றாக முனகி விழித்தன. பனிமேடையைத் திறந்தாள்.

முதல் வரியில் ஒரு பெயர்.

பிரேமினி.

மத்தியானம் எழுதப்பட்டிருந்தது. கடை இருண்டு கிடந்த மத்தியானம்.

'சோலைமலை அண்ணனும் தனுஷனும் வந்துட்டாங்க. கடையிலதான் உக்காந்திருக்காங்க. அவங்க அம்மாகிட்ட யாராச்சும் சொல்லுங்களேன். எல்லாரும் வாங்க, நான் கடைய மூடாம இருக்கேன்.'

அவளுடைய சொற்கள். அவள் பேசும் விதம். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.

உள்ளே போகக் கடவுச்சொல்லை அடித்தாள். தவறு. மறுபடி அடித்தாள். தவறு. அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பென்சில் அசைந்தது.

கீழே பேச்சுக்குரல்கள்.

ஜன்னலுக்கு ஓடினாள். பனிமூட்டத்துக்குள் டோர்ச் வெளிச்சங்கள் ஆடி ஆடி வந்தன. லயத்துப் பெண்கள். கொழும்பிலிருந்து யாரோ போன் பண்ணிச் சொல்லியிருக்க வேண்டும். முன்னால் காளியாயி, சோலைமலையின் அம்மா. ஒரு கையில் தூக்குவாளி. மறு கையில் மகன்கள் மாற்றி உடுக்க மடித்த இரண்டு சாரங்கள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

"வராதீங்க! திரும்பிப் போங்க!"

கூரையில் மழை இரைந்தது. சத்தம் அவள் காதுக்கே எட்டவில்லை. காளியாயி நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலில் கையை ஆட்டும் பிரேமினியைக் கண்டாள். தூக்குவாளியை உயர்த்திப் பதிலுக்கு ஆட்டினாள். நடையை எட்டிப் போட்டாள்.

பெண்களுக்குப் பின்னால், விளக்குகளை அணைத்துக்கொண்டு, நடை வேகத்திலேயே ஒரு வேன் வந்துகொண்டிருந்தது.