அலறினால் அலைவரிசை

“குரலில் பயம் போதவில்லை. வரிசையில் காத்திருங்கள்” என்றது மரியசெல்வியின் கையிலிருந்த கம்பியில்லாப் பேசி.

தூத்துக்குடித் துறைமுகத்து மின்கலக் கிடங்குக்குள் புகை கழுத்துவரை இறங்கியிருந்தது. சரிந்த இரும்பு அலமாரிக்கு அடியில், முகமூடி உடைந்து கிடந்தான் தீயணைப்பு வீரன் கஸ்பார். நெருப்பைத் திணறடிக்கும் வாயுவை வெளியே நிற்பவர்கள் எந்த நேரமும் திறந்துவிடலாம். திறந்தால் நெருப்போடு அவனும் அணைந்துவிடுவான்.

“வாயுவத் திறக்காதீங்க. உள்ள ஆள் இருக்கு” என்று அவன் பக்கத்தில் மண்டியிட்டிருந்த நிலைய அலுவலர் மரியசெல்வி மறுபடியும் நிதானமாகச் சொன்னாள்.

ஊர் முழுவதற்கும் பன்னிரண்டு அலைவரிசைகள்தான். காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லோருக்கும் பொது; யாருக்கும் சொந்தமில்லை. பொத்தானை அழுத்தினால் காலியாக இருப்பதை அலைப்பங்கீட்டான் என்ற இயந்திரம் கொடுக்கும், பேசி முடித்ததும் பிடுங்கிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லாம் நிரம்பியிருந்தால் யாருக்கு முதலில்? முன்பு அதற்கு ஓர் அவசரப் பொத்தான் இருந்தது. ஆளாளுக்கு அழுத்துகிறார்கள் என்று அதை எடுத்துவிட்டு, குரலில் உள்ள பயத்தை அளக்கும் மூளையைப் பொருத்தினார்கள். தீயணைப்புக்காரர்களுக்கோ சேர்ந்த நாள்முதல் ஒரே பாடம்: தலையே எரிந்தாலும் பேசியில் குரல் உயரக்கூடாது. இதை யோசிக்காமல் விட்ட புண்ணியவான் யாரோ!

கடைசியாகக் காலியான அலைவரிசை யாருக்குப் போனது என்று பேசியின் திரை காட்டியது: ‘அமைச்சர் பாதுகாப்பு வண்டி. சாலையில் மாடு. பயம் மிக அதிகம்.’

மரியசெல்வி பொத்தானை மறுபடி அழுத்தினாள்.

“நாசமாப் போற மெஷினே! மாட்டுக்குப் பயந்தவனுக்கு லைன் குடுப்ப, எங்க பையன் சாகணுமோ?” என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

உடனே அலைவரிசை கிடைத்தது. கஸ்பார் பிழைத்தான், பாதி நுரையீரலோடு.

விசாரணையில் தொடர்பு இயக்குநர் தணிகைநாதன் சிரித்தார். “மெஷின் சரியாத்தாம்மா வேலை செஞ்சிருக்கு. நீங்கதான் பயப்பட லேட்டாக்கிட்டீங்க. அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்?”

“அப்போ அழாத பிள்ள செத்துரணுமா சார்?”

அதற்குப் பதிலாக உத்தரவுதான் வந்தது: எல்லா நிலையங்களிலும் தினமும் காலையில் அலறல் பயிற்சி. மரியசெல்வியும் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ஆட்களை நிறுத்தி அலறவைத்தாள். போலீஸ் அலறியது, ஆம்புலன்ஸ் அலறியது, ஜீப் சாவியைத் தொலைத்தவனும் அலறினான். கேட்டுக் கேட்டுப் பங்கீட்டானுக்கு அலறலே சாதாரணப் பேச்சாகிப் போனது.

ஒருநாள் பயிற்சியின் நடுவே இயக்குநர் அலுவலகப் பக்கம் கரும்புகை எழுந்தது. நிலையத்துக்கு அழைப்பே இல்லை. மரியசெல்வி பேசியின் திரையைப் பார்த்தாள். காத்திருப்போர் வரிசையின் கடைசியில் இருந்தது அந்தப் பெயர்: ‘தணிகைநாதன். நான்காம் மாடி. வழக்கமான அலறல்.’

‘நல்லா வேணும்’ என்று வாய்வரை வந்தது. ஆனால் அந்த மாடியில் அவர் ஒருவர் மட்டுமா இருப்பார்?

“ஏல, வண்டிய எடுங்கல! வண்டிய எடுங்க!” என்று முற்றத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினாள்.

ஒருவன்கூடத் திரும்பவில்லை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, அவள் சொல்லிக்கொடுத்தபடியே அலறிக்கொண்டிருந்தார்கள்.