கடைக்குப் போகாத தங்கக் கடிகாரம்

எதித் துகோமன் மாடிப்படி ஏறி வந்த அன்று ஊரில் முதல் பனி விழுந்திருந்தது. சுவிஸ் மலையில் கடிகாரம் செய்யும் எங்கள் ஊரான லா ஷோ-ட-ஃபோனில் அப்போதெல்லாம் முதல் பனிக்கு ஒரு சத்தம் உண்டு. வீதி முழுக்க ஆளாளுக்கு மண்வாரி எடுத்துக்கொண்டு வாசலைச் சுரண்டுவார்கள். இப்போது இயந்திரம் வந்துவிட்டுப் போகிறது, யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. அன்றைக்கு அந்தச் சத்தத்துக்கு நடுவே, கதவைக்கூடத் தட்டாமல் எதித் உள்ளே வந்து, கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மத்தேயின் மேசைமேல் வைத்தார்.

ஃபெர்னான் மத்தே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் தொலைந்த கடிகாரங்களைத் தேடியே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு, யோலாந்த் நடத்திய தேநீர்க் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்து, ஊராருடைய சிக்கல்களைப் பார்த்துக் கொடுத்தார். பதறாத மனிதர். யோலாந்த் அவருக்கு நேர் எதிர். காபி கொண்டுவரும் சாக்கில் எல்லா வழக்கையும் கேட்டுவிட்டு, அவர் வாய் திறப்பதற்குள் மூன்று பேரைக் குற்றவாளியாக்கிவிடுவாள்.

அன்றும் தட்டோடு வந்தவள் மேசையிலிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டாயிரத்து நானூறு ஃப்ராங்கா? எதித் அம்மா, கார் ரிப்பேரா?"

"வாட்ச் சர்வீஸ்," என்றார் எதித். "என் வீட்டுக்காரர் மார்செலோட தங்க வாட்ச். அவர் போன பிறகு அதுவும் நின்னுபோச்சு. பெரிய வீதியில இருக்குற ஷோரூம்ல குடுத்தேன். அவங்க கம்பெனிக்கு அனுப்பினாங்க. இதான் வந்த பதில்."

மத்தே படித்தார். வெளியாள் யாரோ கடிகாரத்தைப் பலமுறை திறந்திருக்கிறார். ஆகவே உள்ளே எல்லாவற்றையும் புதிதாக மாற்றி, முகப்பையும் முட்களையும் மாற்றினால்தான் பொறுப்பேற்போம் என்று எழுதியிருந்தது. வாங்கிய நாள் முதல் இந்தக் கடிகாரம் எங்களிடம் சர்வீசுக்கு வந்ததே இல்லை என்று கடைசி வரி.

"வந்ததே இல்லையாம்!" எதித் காகிதத்தை விரலால் குத்திக் காட்டினார். "நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஷோரூம்ல சர்வீஸ்னு சொல்லி வீட்டுச் செலவுக் காசுல எடுத்துட்டுப் போவார். அந்த வருஷம் எனக்குப் புதுக் கோட்டு கிடையாது. நானும் வாயே திறந்ததில்ல. இப்போ ஷோரூம்காரன் ஒத்தக் காசு வாங்கலங்கிறான். மத்தே ஐயா, காசு போகட்டும். திருடன் கடைக்காரனா, என் மார்செலா? அத மட்டும் சொல்லுங்க. இந்தக் காகிதம் வந்ததுலருந்து என்னால கல்லறைக்குப் போக முடியல. போய் நின்னு அவர்கிட்ட என்னன்னு பேசறது?"

"எல்லா ஆம்பளைங்களும் இப்படித்தான்," என்று யோலாந்த் ஆரம்பித்தாள். மத்தே அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் காபியைக் கலக்க ஆரம்பித்தாள், கலக்க வேண்டிய அவசியமில்லாமலே.

"வாட்ச் மார்செலுக்கு எப்படி வந்துச்சு?"

"எங்கப்பா அந்தக் கம்பெனியில கடிகாரம் கோக்கிற பிரிவுக்குத் தலைவர். ஓய்வு பெறும்போது அவங்களே குடுத்தது. அத அவர் என் வீட்டுக்காரருக்குக் குடுத்தார்."

"மகன் இல்லையா?"

எதித் கையுறையை விரல் விரலாக இழுத்தார். "தம்பி இருந்தான். லூசியன். கடிகாரம் கோக்கத்தான் படிச்சான். பேட்டரி வாட்ச் வந்து அப்பா தொழிலையே கெடுத்த காலம். அத செய்யிற தொழிற்சாலைக்கே வேலைக்குப் போனான். அப்பா அதுக்கப்புறம் அவன்கூடப் பேசல. கொஞ்ச நாள்ல அந்தத் தொழிற்சாலையும் மூடிட்டாங்க. அப்பா அடக்கத்தன்னைக்கு வந்து, வாட்ச ஒரு தடவை கையில வச்சுப் பார்க்கணும்னு கேட்டான். அப்பா உனக்குக் குடுக்கலன்னு சொல்லிட்டேன். அதோட சரி."

"சர்வீசுக்குப் போயிட்டு மார்செல் எப்படித் திரும்பி வருவார்? ஞாபகம் இருக்கா?"

"ஷூ பூரா சேறு. பெரிய வீதியில எங்கேருந்து இவ்வளவு சேறுன்னு திட்டுவேன். கையில ஒரு சாசேஜ் இருக்கும். ஷோரூம்ல வாடிக்கையாளருக்குக் குடுத்தாங்கன்னு சொல்வார். தேவதாருப் புகையில வாட்டினது. எங்கம்மா பண்ணை வீட்டுப் புகைக்கூண்டுல வாட்டுற மாதிரியே இருக்கும். அத ரசிச்சுச் சாப்பிடுவேன்."

யோலாந்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தங்க வாட்ச் விக்கிற கடையில சாசேஜா? அவங்க காலண்டர் குடுக்கிறதுக்கே ஆள் தராதரம் பார்ப்பாங்க! இருபது வருஷமா நம்பினீங்களா?"

"நல்ல சாசேஜ்," என்றார் எதித், விட்டுக்கொடுக்காமல்.

மறுநாள் மத்தேயும் யோலாந்தும் ஷோரூமுக்குப் போனார்கள். மேலாளர் வூயி இளைஞர். காலர் கழுத்தை அறுக்கிற மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"துகோமன் ஐயாவை நல்லா தெரியும் சார். எங்க பழைய மேலாளர்கூடச் சொல்வார். சில வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். இந்த வாட்சுக்கு முழு சர்வீஸ் இப்போ என்ன விலைன்னு கேப்பார். சொல்வோம். நன்றி சொல்லிட்டுப் போயிடுவார். மகா கஞ்சன்னு நினைச்சோம்."

"கடைசியா எப்போ?"

"நாலு வருஷம் இருக்கும். அப்போ விலை இதுல பாதிகூட இல்ல. இப்போ எல்லாத்தையும் மாத்தணும்கிறாங்க, அதான்."

மத்தே கடிகாரத்தைக் கையில் வாங்கினார். பழுப்பேறிய முகப்பு. ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம்.

"கம்பெனி சர்வீஸ் பண்ணியிருந்தா இந்தப் பள்ளம் இருக்குமா?"

"வாய்ப்பே இல்ல சார். மெருகு போடாம எதுவும் வெளியே வராது. வாடிக்கையாளர் பெட்டியைத் திறந்ததும் பளபளன்னு கண்ணுல அடிக்கணும். அதுக்குத்தானே இவ்வளவு குடுக்குறாங்க?"

"நாளைக்கு மதியம் இத எடுத்துக்கிட்டு யோலாந்த் கடைக்கு வாங்க. மூடியைத் திறக்கிற கருவியும் கொண்டு வாங்க."

வெளியே வந்ததும் யோலாந்த் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இன்னொருத்தி! பண்ணைக்காரி. சாசேஜ் செய்றவ."

"அந்தப் பண்ணைக்காரிக்கு வாட்ச் சர்வீஸ் பண்ணவும் தெரியுமா?" என்றார் மத்தே.

மறுநாள் மதியம் தேநீர்க் கடைக் கதவில் 'மூடியிருக்கிறது' என்ற பலகை தொங்கியது. ஜன்னலோர மேசையில் எதித், எதிரே வூயி, நடுவில் துணிமேல் கடிகாரம். யோலாந்த் உட்கார மாட்டாமல் நின்றாள்.

"எதித் அம்மா," என்றார் மத்தே, "கடைக்காரர் உங்களை ஏமாத்தல. மார்செல் விலை மட்டும் கேட்டுட்டுப் போயிடுவார்."

எதித் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். "அப்போ திருடன் அவர்தான்."

"பொறுங்க. எதுக்கு விலை கேக்கணும்?"

"பொண்டாட்டிகிட்ட சரியான தொகைய சொல்ல," என்றாள் யோலாந்த்.

"இவங்க என்னைக்காவது கடைக்குப் போய் விலை விசாரிச்சாங்களா? இவங்ககிட்ட எந்தத் தொகையையும் சொல்லியிருக்கலாம். சரியான விலை வேற ஒருத்தருக்குத் தேவைப்பட்டிருக்கு. காசு வாங்கினவருக்கு. அவருக்குத் தொழில் தெரியும், கடை விலை என்னன்னும் தெரியும். ஒரு ஃப்ராங்க் கூட வச்சா, இது தர்மம்னு கண்டுபிடிச்சுத் திருப்பி விட்டெறிவார். குறைச்சுக் குடுக்க மார்செலுக்கு மனசு வரல. அதனால ஒவ்வொரு தடவையும் கடையில விலை கேட்டு, அதே விலையக் கொண்டுபோய்க் குடுத்திருக்கார். கஷ்டத்துல இருக்கார், ஆனா கூலின்னாத்தான் வாங்குவார். அப்படிப்பட்ட ஆள்."

வூயி காலரைத் தளர்த்திக்கொண்டார்.

"அப்புறம் இந்தப் பள்ளம். இது எப்படி வந்துச்சு, எதித் அம்மா?"

"அப்பா பண்ணைத் தண்ணித் தொட்டியில இடிச்சுக்கிட்டது."

"அவ்வளவு காசு வாங்குற வேற யாரா இருந்தாலும் இத மெருகு போட்டு மறைச்சுக் குடுத்திருப்பாங்க. இவர் ஒவ்வொரு தடவையும் துடைச்சு, பள்ளத்தை அப்படியே விட்டிருக்கார். இத யார் இடிச்சாங்கன்னு இவருக்குத் தெரியும். மூடியைத் திறங்க, வூயி."

வூயி திறந்தார். சர்வீஸ் செய்கிறவர் ஒவ்வொருவரும் மூடியின் உட்புறத்தில் ஊசியால் தன் குறியைக் கீறிவைப்பது எங்கள் ஊர் வழக்கம். ஒருவருடைய குறி இன்னொருவருடையதோடு கலந்துவிடக் கூடாதென்று எட்ட எட்டத்தான் கீறுவார்கள். எதித் பூதக்கண்ணாடியில் குனிந்தார்.

"மேலே இருக்கிறது அப்பாவோட குறி," என்றார். "எனக்குத் தெரியும்."

"மூடி பூரா காலியா கிடக்கு. ஆனா மத்த குறியெல்லாம் எங்க இருக்கு?" என்றார் மத்தே.

அவை அப்பாவின் குறிக்கு நேர் கீழே, அதை ஒட்டியே, ஒரே கையெழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியிருந்தன.

"சேறு பண்ணைச் சேறு. சாசேஜ் உங்கம்மா புகைக்கூண்டுல வாட்டினது. அந்தப் பண்ணை வீட்ல இப்போ யார் இருக்காங்க?"

"லூசியன்," என்றார் எதித். பூதக்கண்ணாடியை மேசைமேல் வைத்தார். பிறகு கோபம் வந்தது. "ஏன் எங்கிட்ட மறைச்சார்? கட்டின பொண்டாட்டிகிட்ட?"

"சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்களா?"

எதித் யோசித்துப் பார்த்தார். "மாட்டேன்," என்றார். "ஒரு சல்லிக் காசு குடுத்திருக்க மாட்டேன்." அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. யோலாந்த் தன் மேலங்கியின் முனையாலேயே அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

வூயி தொண்டையைச் செருமினார். "மேடம், அப்போ கம்பெனிக்கு என்ன பதில் எழுதறது? முகப்பு, முள், இந்த மூடி, எல்லாம் புதுசு போட்டு…"

எதித் மூடியைத் தன் கையாலேயே அழுத்தி மூடி, கடிகாரத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் முதலில் கல்லறைக்குப் போனார். என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. அதன்பிறகு யோலாந்த் தன் பழைய காரில் அவரை லா ப்ரெவின் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனாள். பண்ணை வீட்டுக் கதவை லூசியன் திறந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அத்தான் அடக்கத்துக்கு வந்திருந்தேன்," என்றார். "கேட்டுக்கு வெளியில நின்னேன்."

"பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துட்டேன்." எதித் கைப்பையைத் திறந்தார். "நின்னுபோச்சுடா."

லூசியன் கடிகாரத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்து, காதில் வைத்தார். "எண்ணெய் காஞ்சிருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

"எவ்வளவு?"

"கடை விலைதான். அத்தான்கூட எப்பவும் அதான் பேச்சு."

"கடையில ரெண்டாயிரத்து நானூறு."

"என்னது? கொள்ளைக்காரப் பசங்களா இருக்காங்களே! நான் அவ்வளவு வாங்க மாட்டேன்."

"வாங்கித்தான் ஆகணும். அவர் குடுத்தா வாங்குவ, அக்கா குடுத்தா கசக்குதா?"

"அப்பா வாட்சுக்கு அக்காகிட்ட அவ்வளவு வாங்கினா நான் மனுஷனா?"

"கத்தாதடா!"

"நீதான் கத்துற!"

காரில் காத்திருந்த யோலாந்துக்கு அந்தக் கூச்சல் கேட்டது. முதல் நாளே அடிதடியா என்று பயந்து, பனியில் வழுக்கி விழப் பார்த்து, ஓடிவந்து கதவைத் தள்ளினாள். லூசியன் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணில் பூதக்கண்ணாடியோடு மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

"எண்ணூறு!" என்றார், நிமிராமலே.

"ரெண்டாயிரம்!" என்று சமையலறையிலிருந்து எதித்தின் குரல் வந்தது. அவர் அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு அலமாரியைத் திறந்துகொண்டிருந்தார். கோப்பைகள் எங்கே இருக்கின்றன என்று அவர் யாரையும் கேட்கவில்லை.