துயில்குளத்துக்கு ஒரு விழிப்பாளர்

"வடிகட்டியில் பாசி அடைத்திருக்கிறது. உடனே அகற்றவும்" என்றது குளக்கணிப்பான்.

"அதைத்தானே கையில வச்சுக்கிட்டு நிக்கேன்! கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்தினாள் நாச்சியார். காலையிலிருந்து அந்த எழவெடுத்த கருவி இதையே பாடிக்கொண்டிருக்கிறது. சொல்லத் தெரிந்த அதற்கு, துரும்பைக் கிள்ளிப் போட ஒரு கை கிடையாது. இந்த வீட்டில் கை இருப்பவள் இவள் ஒருத்திதான்.

இளவேனில் பிறந்துவிட்டால் வடகரைக் குடியிருப்பின் எல்லாக் கொல்லைகளிலும் இதே பாடுதான். உருகி உடைந்த பனிக்கட்டித் துண்டுகளை வலையால் ஒதுக்க வேண்டும். அழுகிய அல்லி இலைகளைப் பிடுங்கிப் போட வேண்டும். மோட்டாரைக் கழற்றிக் கழுவி மாட்ட வேண்டும். பிறகு வெப்பச்சுருளைத் தட்டிவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் பாழ். அடியில் கிடக்கும் கெண்டைகள் துடுப்பை அசைத்த பிறகுதான் ஆட்களை எழுப்பலாம்.

ஆமாம், ஆட்களைத்தான். தெற்கே வெயில் மனிதர்களை வாழவிடாமல் விரட்டியபோது இந்த வட கடலோரத்துக்கு வந்தார்கள். இங்கே பனிக்காலம் எட்டு மாதம். அந்த எட்டு மாதத்துக்கு ஒரு வீட்டுக்கு ஓர் ஆளுக்கான சூடும் சோறும்தான் கிடைக்கும். மற்றவர்கள் கண்ணாடிப் பேழைக்குள் படுத்து, குளத்தின் அடியில் துயில வேண்டும். துயிலில் வயது ஏறாது. மேலே ஒருவர் மட்டும் இருட்டில் விழித்திருந்து, பனி மூடாமல் குளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கு விழிப்பாளர் என்று மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரில் என்ன குறைச்சல்!

கல்யாணமான வருஷம், "புதுப் பொண்ணு, வீட்டுல விளக்கெரியட்டும்" என்றாள் மாமியார் சௌந்தரம். மறுவருஷம் புருஷன் திருமாறனுக்கு இருமல். அதற்கடுத்த வருஷம் மோட்டார் மக்கர் பண்ணியது. அதைப் பிரிக்கத் தெரிந்தவள் நாச்சியார்தான். அப்புறம் காரணம் தேடவே அவசியமில்லாமல் போயிற்று. 'ஒனக்குத்தான் கை பழகிருச்சே' என்ற ஒரே வார்த்தை. வேலை தெரிந்தவள் தலையில்தானே எல்லாம் வந்து விடியும்.

அவன் வருஷத்துக்கு நாலு மாதம் வாழ்ந்தான். இவள் பன்னிரண்டையும் வாழ்ந்தாள், அதில் எட்டைச் சுவரோடு பேசியே கழித்தாள். கல்யாணத்தின்போது அவனைவிட மூன்று வயது சின்னவள். இப்போது அவன் முப்பதுகளிலேயே இருக்கிறான். இவளுக்கு வருகிற தையில் ஐம்பது. போன பனியில் அத்தையின் மூக்குக்கண்ணாடியை விளையாட்டாகப் போட்டுப் பார்த்தாள். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அன்றைக்கு அழுகையாக வந்தது.

அந்த ஐம்பதுதான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது. முதல் துயில் ஐம்பதுக்குள் நடந்துவிட வேண்டும். அதற்கு மேல் இதயம் தாங்காது என்று விடமாட்டார்கள். வருகிற பனிக்காலத்தை விட்டால் சாகும்வரை இவள்தான் காவல். "அடுத்த தடவை நான் முழிக்கேன், சத்தியம்" என்று திருமாறன் பேழைக்குள் படுக்கும்போது சொன்னான். அதை அவன் எல்லா வருஷமும்தான் சொல்கிறான்.

மதியம் கெண்டைகள் அசைந்தன. கப்பியைச் சுற்றி அத்தையின் பேழையை முதலில் மேலேற்றினாள். மூடி திறந்தது. கம்பளியைச் சுற்றிக்கொண்டு எழுந்து உட்கார்ந்த சௌந்தரம் ஒரு நிமிஷம் இருமினாள், பிறகு குளத்தைப் பார்த்தாள்.

"ஏட்டி, இந்தப் பாசிய அள்ளிப் போட ஒனக்கு எட்டு மாசம் பத்தலையாக்கும்?"

"பத்தல அத்தை. உங்க மகன் உறக்கம் கலையாம பாத்துக்கிடவே நேரம் சரியாப் போச்சு."

சௌந்தரம் திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தாள். மருமகளின் முகத்தைச் சரியாகப் பார்த்ததும் ஏனோ மூடிக்கொண்டாள். "தலையெல்லாம் இப்படி வெளுத்துருச்சே" என்றாள் மெதுவாக.

திருமாறனின் பேழை திறந்தது. நாச்சியார் குனிந்து அவன் தோளைத் தொட்டாள். அவன் பாதிக் கண்ணைத் திறந்து, அவள் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

"எம்மா, குளிருதும்மா. நாச்சியை எங்க?"

நாச்சியார் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுக்கத் தோன்றவில்லை.

சௌந்தரம்தான் எட்டி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "ஏல, அது ஒம் பொண்டாட்டிலே!"

அவன் திடுக்கிட்டு எழுந்து, கண்ணைக் கசக்கி, "ஐயோ, தூக்கக் கலக்கம்" என்று சிரித்தான். கூட யாரும் சிரிக்கவில்லை.

"மூவரும் விழித்துவிட்டீர்கள்" என்றது குளக்கணிப்பான். "வரும் பனிக்கால விழிப்பாளர் தம் பெயரைத் தம் குரலில் சொல்லவும். சொல்லாவிட்டால் இவ்வீட்டில் எவருக்கும் துயில் அனுமதி இல்லை."

எல்லா வருஷமும் கேள்வி முடியும் முன்னே நாச்சியார் தன் பெயரைச் சொல்லிவிடுவாள், சண்டை எதற்கு என்று. இந்த முறை வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள். ஒருவர் சோற்றில் மூன்று பேர் பனியைத் தாண்ட முடியாது. அது அவனுக்கும் தெரியும்.

"சொல்லேன் நாச்சி" என்றான் திருமாறன்.

அவள் குனிந்து வலையில் ஒட்டியிருந்த பாசியை உதறினாள்.

"எனக்கு மோட்டாரைப் பத்தி என்ன தெரியும்?"

"நாலு மாசம் இருக்கு. சொல்லித் தாரேன்."

"நான் முழிக்கேனே" என்றாள் சௌந்தரம்.

"நீங்க சும்மா இருங்க அத்தை. இது எங்க ரெண்டு பேருக்குள்ள."

குளக்கணிப்பான் மறுபடியும் கேட்டது. திருமாறன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சுருக்கமில்லாத கைகள்.

"பயமா இருக்கு நாச்சி. தனியாக் கெடந்து எனக்கு வயசாயிருமே."

இத்தனை வருஷத்தில் அவன் சொன்ன முதல் உண்மை அதுதான். அவளுக்குக் கோபம் வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது.

"ஆகட்டும்" என்றாள். "உங்களுக்கும் ஆனாத்தான், நான் யாருன்னு உங்களுக்கு அடையாளம் தெரியும்."

அவன் வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குளக்கணிப்பான் பக்கம் திரும்பித் தன் பெயரைச் சொன்னான்.