இடக் கன்னம்

பரமட்டாவிலுள்ள அந்தப் பழைய தேவாலயத்துக்கு யோகேஸ்வரன் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. வேலை சின்னது. பலிபீடத்துக்குப் பக்கத்தில் தொங்கும் பழைய ஓவியத்துக்கு ஒரு விளக்குப் பொருத்த வேண்டும். அவன் மனம் அதில் இல்லை. விசா விண்ணப்பத்துக்குத் தன் புகைப்படத்தை இணையத்தளத்தில் ஏற்ற அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. தவறினால் பதினொரு வருடக் காத்திருப்பு வீண்.

ஓவியத்தில் முக்கால்வாசி கறுப்பு. சிலுவையிலிருந்து இறக்கிய உடலின்மேல் மட்டும் ஒரு பக்கமிருந்து வெளிச்சம் விழுந்தது. ஓரத்தில் ஒரு தாடிக்காரன். அவனுடைய வலக் கன்னம் வெளிச்சத்தில். இடக் கன்னம் கறுப்புக்குள்.

"ஒரு பக்க லைட் போதுமெண்டு ஃபாதர் சொன்னவர்," என்றார் கூட வந்த மூத்த எலக்ட்ரிஷன் வரதராஜா. "இந்தப் படத்துக்கு இருட்டும் வேணுமாம்."

"இருட்டைப் பாக்கிறதுக்கு ஏன் அண்ணை லைட்?"

ஒற்றை விளக்கைச் சாய்வு பார்த்துப் பொருத்த ஒரு மணி நேரம் பிடிக்கும். வரதராஜா வேனுக்குப் போன சமயத்தில், யோகேஸ்வரன் ஒரு ஃபிளட் லைட்டை ஓவியத்துக்கு நேரே மாட்டிவிட்டான். சுவிட்சைப் போட்டான்.

கறுப்பு முழுக்கக் கரைந்தது.

தாடிக்காரன் நின்ற இடத்தில் வெறும் கான்வாஸ் துணி.

அணைத்த மெழுகுவர்த்தியின் வாடை வந்தது. பக்கத்தில் மெழுகுவர்த்தி எதுவும் இல்லை. இடது காதோரம் சில்லிட்டது. எல்லாம் களைப்பு என்று எரிச்சலோடு ஏணியை மடித்தான்.

மூன்றரை மணிக்கு, பக்கத்து ஊரான ஹரிஸ் பார்க்கில், முரளிதரனின் ஸ்டூடியோவில் படமெடுக்க உட்கார்ந்தான்.

"நிழல் விழுது சார். கொஞ்சம் திரும்புங்க."

திரும்பினான். இணையத்தளம் படத்தை மறுத்தது. முகத்தில் நிழல். மறுபடி எடுத்தார்கள். மறுபடி மறுப்பு.

"ரெண்டு பக்கமும் லைட் வச்சிருக்கேன். அப்புறம் எப்படி?"

"படம் எடுக்கிறது நீங்களோ நானோ?"

முரளிதரன் கைபேசி டார்ச்சை அவன் இடக் கன்னத்துக்கு நேரே பிடித்தான்.

கன்னம் கறுப்பாகவே இருந்தது.

யோகேஸ்வரன் வரதராஜாவைக் கூப்பிட்டான். "அண்ணை, அந்த ஃபிளட் லைட்டைக் கழட்டுங்கோ. இப்பவே."

"கோயில் பூட்டியாச்சு, திறப்பு ஃபாதரிட்ட. அவர் ஆறு மணிக்குத்தான் வாறார். நான் அப்பவே சொன்னனான், கேட்டனியே?"

மணி நான்கு ஐம்பது.

"கம்ப்யூட்டர்ல வெளிச்சத்தை ஏத்திப் பாக்கிறேன்," என்றான் முரளிதரன்.

கறுப்பு சாம்பலானது. சாம்பல் மெல்ல முகமானது. முரளிதரனின் கை நின்றது.

"சார்," குரல் அடங்கிப்போயிருந்தது. "உங்களுக்குத் தாடி இல்லையே."

முகத்தின் வலப் பாதி யோகேஸ்வரன். இடப் பாதியில் தாடி. அந்தக் கண் கேமராவைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில், வெளிச்சம் வரும் திசையைப் பார்த்தது.

மெழுகுவர்த்தி வாடை.

மணி நான்கு ஐம்பத்தாறு.

"ஏத்துங்கோ," என்றான் யோகேஸ்வரன்.

"சார், இது உங்க மூஞ்சி இல்ல."

"ஏத்தடா."

திரையில் பச்சை வரி தோன்றியது. படம் ஏற்கப்பட்டது. அடையாளம் உறுதி.

சுவர்க் கண்ணாடியில் அவன் முகம் தெளிவாகத் தெரிந்தது. நிழல் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வீணாகப் பயந்திருக்கிறான். வெளியே வெயிலில் வந்து, வியர்வையைத் துடைக்கக் கையை உயர்த்தினான்.

காலையில்தான் சவரம் செய்திருந்தான்.

இடக் கன்னத்தில் விரல்கள் சிக்கின. நீண்ட, முரட்டு மயிர். கையை எடுத்துப் பார்த்தான். விரல் நுனிகளில் மெழுகு, இன்னும் சூடாக.